பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கும் வீடு: தண்ணி நாளிலிருந்து தொடங்குங்கள்

வருகிற ஜூனில் முதல் முறையாகப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப் போகிறவர்களுக்கும், கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் வேலைக்கு வந்து புதிதாகக் குடித்தனம் போட்டிருப்பவர்களுக்கும் இந்தக் குறிப்புகள். வீட்டை ஒழுங்காக வைப்பது பற்றிச் சொல்லித் தருகிறவர்கள் பெரும்பாலும் டப்பா, அலமாரி, கலர் கலராக அட்டவணை என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். கொங்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் வாரத்தை நடத்துவது வேறு நான்கு: நல்ல தண்ணி என்றைக்கு வரும், கரண்ட் என்றைக்குப் போகும், சந்தை என்றைக்கு, சம்பளம் என்றைக்கு. இவற்றை முதலில் குறித்துவிட்டு அதன் மேல் பள்ளிக்கூடத்தை வைத்தால் வாரம் ஓடும். பள்ளி நேரத்தை முதலில் போட்டுவிட்டு மற்றதை இடுக்கில் செருகப் பார்த்தால் ஆடி பிறப்பதற்குள் எல்லாம் கலைந்துவிடும்.

காலண்டரில் எதை முதலில் எழுதுவது

மளிகைக் கடையிலும் நகைக் கடையிலும் தரும் மாதத் தாள் காலண்டர் ஒன்று போதும். தினம் ஒரு தாள் கிழிக்கும் காலண்டர் நல்ல நேரம் பார்க்க உதவும். அடுத்த வாரத்தைப் பார்க்க உதவாது. செல்போனுக்குச் சார்ஜ் போடும் இடத்துக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். வீட்டில் எல்லோரும் ஒரு நாளைக்கு இரண்டு முறையாவது போய் நிற்கிற இடம் அதுதான். பென்சில் ஒன்றை நூலில் கட்டிக் காலண்டரோடு தொங்கவிடுங்கள். ஆளுக்கொரு கலர் மை என்று திட்டம் போட்டால் இரண்டாம் வாரமே சிவப்புப் பேனா காணாமல் போகும். அதோடு எழுதுகிற பழக்கமும் போய்விடும்.

முதலில் தண்ணி. நல்ல தண்ணி இத்தனை நாளுக்கு ஒரு முறை என்று சொல்வார்கள், அந்தக் கணக்கை நம்பி எழுதாதீர்கள். உண்மையில் தண்ணி வந்த நாளில் ஒரு வட்டம், வந்த நேரம், அவ்வளவுதான். நான்கைந்து வட்டம் விழுந்ததும் உங்கள் வீதியின் இடைவெளி தானாகத் தெரிந்துவிடும். அடுத்தது மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. பெரும்பாலும் காலை 9 மணிக்கு நிறுத்தி மாலை 4 அல்லது 5 மணிக்குக் கொடுப்பார்கள். காலைச் சமையலுக்கு அதனால் தொல்லை இல்லை. ஆனால் அன்றைக்கு மோட்டார் ஓடாது, வாஷிங் மெஷின் ஓடாது, பகலில் இஸ்திரி போட முடியாது. தண்ணி நாளும் மின்தடையும் ஒரே நாளில் விழுந்தால் தரைத்தொட்டி நிரம்பியிருக்கும், மேல்தொட்டி காலியாக இருக்கும். முந்தின நாள் ராத்திரியே மேல்தொட்டியை நிரப்பிவிடுங்கள்.

அதன் பிறகு சந்தை நாள், சம்பள நாள். கடைசியாகத்தான் பள்ளி: செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, பெற்றோர் கூட்டம், கட்டணம் கட்டக் கடைசி நாள். நோம்பியையும் (கோயில் திருவிழா) விட்டுவிடக் கூடாது. மாரியம்மன் நோம்பி, குலதெய்வம் கோயில், சொந்தத்தில் சீர், கல்யாணம் என்று ஒறம்பரை (உறவினர்) வீட்டுக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமைகளை முன்னாலேயே வளைத்துப் போடுங்கள். அந்த ஞாயிறு போனால் துவையலையும் மாவையும் அதற்கு முந்தின வியாழனிலோ வெள்ளியிலோ முடித்துவிட வேண்டும் என்பது அப்போதே தெரிந்திருந்தால் திங்கட்கிழமை காலை கத்தல் இருக்காது.

சீருடை எத்தனை செட் வேண்டும்

கடைக்காரர் சொல்லும் எண்ணிக்கையை விடுங்கள், தண்ணியின் இடைவெளிதான் இதைத் தீர்மானிக்கும். 4 நாளுக்குள் தண்ணி வந்துவிடும் என்றால் பிள்ளைக்கு 3 செட் போதும். 5 முதல் 7 நாள் என்றால் 4 செட், நடுவில் ஒரு கைத்துவையல். அதற்கும் மேல் என்றால் 5 செட் வாங்கிவிடுவதே லாபம். இரண்டு செட்டைக் கையால் துவைத்து அலச 15 லிட்டர் வாளியில் 3 வாளி தண்ணி ஆகும். அந்த அலசல் தண்ணியைக் கொட்டிவிடாதீர்கள், கக்கூஸுக்கு ஆகும். அரசுப் பள்ளியில் சத்துணவு சாப்பிடும் 1 முதல் 8 வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு 4 செட் அரசே தருகிறது. நான்கும் ஒன்றாகக் கைக்கு வராது என்பதால் போன வருடத்துச் சட்டை இரண்டை ஜூலை வரைக்கும் கழிக்காமல் வைத்திருங்கள்.

இனி உப்புத் தண்ணி. போர் தண்ணியில் துவைத்த வெள்ளைச் சட்டை மூன்று மாதத்தில் பழுப்பேறி, காலர் விறைத்துப் போவதற்குக் காரணம் அழுக்கு மட்டும் இல்லை. தண்ணியில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து பிசுக்காகத் துணியில் படிந்துவிடுகின்றன. நுரை வரவில்லையே என்று சோப்பை இன்னும் தேய்த்தால் பிசுக்குத்தான் கூடும். செய்ய வேண்டியது இது: ஒரு வாளி உப்புத் தண்ணியில் ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா போட்டுக் கலக்கி 10 நிமிடம் விட்டு, அப்புறம் சோப்புத்தூள் போட்டுத் துணியை அரை மணி நேரம் ஊற வையுங்கள். முதல் இரண்டு அலசல் உப்புத் தண்ணியிலேயே இருக்கட்டும். கடைசி அலசல் மட்டும் நல்ல தண்ணியில். சிறுவாணியோ பவானியோ காவிரியோ, உங்கள் குழாயில் எது வருகிறதோ அது. அரை வாளி போதும். சட்டை வெளுக்கவில்லை என்று பிளீச்சிங் பவுடர் பக்கம் போகாதீர்கள். போர் தண்ணியில் இரும்பு இருந்தால் பிளீச்சிங் பட்டதும் துருக்கறை மாதிரி மஞ்சள் திட்டு விழும். அது லேசில் போகாது.

காயப்போடுவதிலும் ஊருக்கு ஊர் கணக்கு மாறும். ஜூன், ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பொள்ளாச்சி, கோவை மேற்கில் சாரலாக இருக்கும்; பல்லடம், தாராபுரம், காங்கயம் பக்கம் வெறும் காற்றாகவும் புழுதியாகவும் இருக்கும். சாரல் ஊரில் மாலையில் துவைத்த பேண்ட் காலையில் இடுப்புப் பட்டியில் ஈரமாகவே இருக்கும். பேண்டை உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி, இடுப்பு மேலே இருக்கும்படி இரண்டு கிளிப்பில் மாட்டினால் பை, பட்டி எல்லாம் சேர்ந்து காயும். புழுதி ஊரில் துணி இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும். காய்ந்ததும் எடுத்துவிட வேண்டும். மாலை வரை விட்டால் மறுபடியும் துவைக்க வேண்டிய நிலைக்கு வந்துவிடும்.

சாக்ஸ் வாங்கும்போது ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே நிறத்தில் 6 ஜோடி. ஒன்று தொலைந்தாலும் மிச்சம் எல்லாம் ஒன்றுக்கொன்று ஜோடிதான், காலையில் தேடுகிற வேலையே இல்லை.

கதவுக்குப் பக்கத்தில் ஒரு முழம் இடம்

பிள்ளை பள்ளி விட்டு வந்ததும் பையை எங்கே போடுகிறது என்று நான்கு நாள் பேசாமல் கவனியுங்கள். வாசல் திண்ணையோ, டிவி பக்கத்திலோ, கட்டில் ஓரமோ, பை விழுகிற அந்த இடத்தில்தான் மாட்டும் கொக்கி வர வேண்டும். உள் அறை அலமாரியில் அழகாக இடம் ஒதுக்கிவிட்டு "அங்க கொண்டுபோய் வை கண்ணு" என்று வருடம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கத் தேவையில்லை. கொக்கியின் உயரம் பிள்ளையின் தோள் மட்டம்: 6 வயதுக்குத் தரையிலிருந்து 90 செ.மீ. அளவில் இருந்தால் எட்டும். வாடகை வீட்டில் ஆணி அடிக்க வீட்டுக்காரர் விட மாட்டார். ஒட்டும் கொக்கி டைல்ஸில் நிற்கும். சுண்ணாம்போ டிஸ்டம்பரோ அடித்த சுவரில் ஒரு வாரத்தில் பெயிண்டோடு பெயர்ந்து வரும், அதற்கும் வீட்டுக்காரரிடம் பதில் சொல்ல வேண்டும். சன்னல் கம்பியில் இரும்பு எஸ் கொக்கி இரண்டு மாட்டுங்கள், பிரச்சினை முடிந்தது.

கொக்கிக்குக் கீழே ஷூ, ஷூவுக்குள் சாக்ஸ், பக்கத்தில் ஒரு சின்னக் கூடை. அடையாள அட்டை, பெல்ட், டை, ரிப்பன் எல்லாம் அந்தக் கூடைக்குள்தான். வேறு எதுவும் அதில் விழக் கூடாது. வண்டிச் சாவியும் கரண்ட் பில்லும் உள்ளே வந்துவிட்டால் அது குப்பைக் கூடை ஆகிவிட்டது என்று அர்த்தம்.

பையின் எடையையும் மாதம் ஒரு முறை பாருங்கள். 2020இல் மத்திய அரசு வெளியிட்ட பள்ளிப் பைக் கொள்கை, பை பிள்ளையின் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. 20 கிலோ பிள்ளைக்கு 2 கிலோ. கனத்துக்குக் காரணம் பெரும்பாலும் புத்தகம் இல்லை; அன்றைக்குத் தேவையில்லாத நோட்டு, தீர்ந்துபோன நோட்டு, 1 லிட்டர் தண்ணி பாட்டில். பள்ளியில் குடிதண்ணி நன்றாக இருந்தால் பாட்டிலை முக்கால் லிட்டருக்கு மாற்றினாலே கால் கிலோ குறையும்.

ராத்திரி 8:30 முதல் 9 வரை

காலையில் நடக்கும் குழப்பத்தில் முக்கால்வாசி முந்தின நாள் ராத்திரியைச் சேர்ந்தது. கீழே உள்ள வரிசையை அப்படியே பின்பற்றுங்கள், வரிசையை மாற்ற வேண்டாம்.

1. பிள்ளையே பையைத் திறந்து டைரியை எடுத்துக் கொடுக்கட்டும். அதில் கையெழுத்து கேட்டிருந்தால் அப்போதே போட்டுவிட வேண்டும். "காலைல போடறேன்" என்றால் அது வேனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு முதுகில் வைத்துப் போடும் கையெழுத்தாகத்தான் இருக்கும்.
2. நாளைய பாட அட்டவணையைப் பார்த்துப் பையைப் பிள்ளை அடுக்க, பெரியவர் ஒருவர் பார்க்க வேண்டும். 8 வயதுக்கு மேல் தானாக அடுக்கட்டும். ஒரு நாள் நோட்டை விட்டுவிட்டுப் போய் டீச்சரிடம் திட்டு வாங்கினாலும் பரவாயில்லை.
3. பென்சில் டப்பாவில் கூர் சீவிய பென்சில் 2, ரப்பர், ஸ்கேல்.
4. ஒரு செட் சீருடை, உள்ளாடை, கைக்குட்டையோடு ஒரே ஹேங்கரில் கொக்கியில் தொங்க வேண்டும். விளையாட்டு வகுப்பு உள்ள நாள் என்றால் வெள்ளை ஷூ. வெள்ளை பாலிஷ் ராத்திரி அடித்தால்தான் காலைக்குள் காயும்.
5. கழுவிய போசி (சாப்பாட்டு டப்பா), மூடி, ஸ்பூன், பாட்டில் நான்கையும் ஒரே தட்டில் கவிழ்த்து வையுங்கள்.
6. நாளைக்கு என்ன சமையல் என்று ஒரே வரியில் முடிவு. காய் நறுக்கி டப்பாவில், புளி ஊறவைத்து, பருப்பு அளந்து.

காலை நேரத்தைப் பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். வேன் 7:40க்குப் பிரிவுக்கு (சாலை பிரியும் இடம்) வரும் என்றால் 7:35க்கு அங்கே நிற்க வேண்டும். தோட்டத்துச் சாளையிலிருந்து (தோட்டத்து வீடு) பிரிவுக்கு நடக்க 10 நிமிடம் என்றால் 7:25க்கு வீட்டைவிட்டு இறங்க வேண்டும். ஷூ போட 5 நிமிடம், சாப்பிட 20, குளித்து உடுத்த 20, எழுந்து நிதானத்துக்கு வர 15. ஆக 6:25. இதில் சாப்பிடும் 20 நிமிடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். அவசரமாக ஊட்டிய இட்லி வேனில்தான் வெளியே வரும். ஒரே கக்கூஸை நான்கைந்து குடும்பம் பங்கு போடும் லைன் வீடுகளில் 6:30க்கும் 7:15க்கும் நடுவில்தான் நெரிசல் அதிகம். அங்கே பிள்ளையை 6 மணிக்கே எழுப்பி அந்த வேலையை முடித்துவிட்டு, வேண்டுமானால் மறுபடி கால் மணி நேரம் படுக்க விடலாம்.

அரசுத் தொடக்கப் பள்ளியில் 1 முதல் 5 வரை படிக்கும் பிள்ளைக்குக் காலை உணவு, மதிய உணவு இரண்டுமே பள்ளியில் கிடைக்கும். உங்கள் காலை வேலை பாதியாகக் குறையும். ஆனால் காலை உணவு வகுப்பு தொடங்குவதற்கு முன்னாலேயே முடிந்துவிடும், நேரமே கொண்டுபோய் விட வேண்டும்.

போசிக்குள் என்ன

ஞாயிறும் புதனும் மாவு. 4 டம்ளர் இட்லி அரிசி, 1 டம்ளர் உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம்: நான்கு பேருக்கு மூன்று நாள் காலைக்கு வரும். ராத்திரி 9 மணிக்கு கிரைண்டர் போடுகிற வீடுகளில்தான் திங்கட்கிழமை தூக்கம் கெடும். மாலை 5 மணிக்கே ஆட்டிவிடுங்கள். வெயில் காலத்தில் 6 முதல் 8 மணி நேரத்தில் பொங்கும். மார்கழிக் குளிரிலும் ஆடிக் காற்றிலும் 12 மணி நேரம் கூட ஆகும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் மாவு ஊற்றினால் காலையில் மேடை முழுக்க மாவுதான். பொங்கியதும் ஃபிரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். நான்காம் நாள் புளித்துவிட்டால் சின்ன வெங்காயம் தாளித்துப் பணியாரம்.

அவசர நாளுக்கு அரிசிம்பருப்பை விட்டால் வேறு வழி இல்லை, இருக்கவும் வேண்டியதில்லை. ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் துவரம்பருப்பு, சின்ன வெங்காயம் 12, பூண்டு 5 பல், ஒரு தக்காளி, மஞ்சள்தூள், சாம்பார்த்தூள் ஒன்றரை டீஸ்பூன். குக்கரில் தாளித்து வதக்கித் தண்ணி ஊற்றி 3 விசில். தட்டில் சுடச்சுடச் சாப்பிட 3 டம்ளர் தண்ணி. போசிக்கு என்றால் மூன்றரை. ஆற ஆறப் பருப்பு இறுகும், மதியம் 12:30க்குத் திறக்கும்போது 3 டம்ளர் தண்ணியில் வெந்தது கட்டியாக நிற்கும், பிள்ளை பாதியை அப்படியே திருப்பிக் கொண்டுவரும். இறக்கியதும் ஒரு ஸ்பூன் நெய்யோ நல்லெண்ணெயோ விட்டுக் கிளறி, தட்டில் பரப்பி 10 நிமிடம் ஆறவிட்டு அடையுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் வேர்த்து, அந்தத் தண்ணி சோற்றில் சொட்டிச் சீக்கிரம் ஊசிப்போகும்.

தயிர்ச்சோறு என்றால் காலையில் ஒரு கரண்டி தயிர், மீதி காய்ச்சி ஆறிய பால். மதியத்துக்குள் தானே தயிராகும். முழுக்கத் தயிர் ஊற்றினால் மார்ச், ஏப்ரல் வெயிலில் புளிப்பு வாயில் வைக்க முடியாது.

சின்ன வெங்காயம் உரிப்பதுதான் நேரத்தைத் தின்பது. உழவர் சந்தையிலிருந்தோ வாரச் சந்தையிலிருந்தோ வாங்கி வந்த அன்றே அரைக் கிலோவை எல்லோருமாக உட்கார்ந்து உரித்து, ஈரம் இல்லாமல் டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் 4 நாள் தாங்கும். தேங்காய் துருவி ஃபிரீசரில் ஒரு வாரம். இந்த வேலைகளை ஞாயிறு மதியத்துக்கு வைக்க வேண்டாம், கறிச்சோறு தின்ற பிறகு எந்த வீட்டிலும் யாரும் எழுந்திருக்கப் போவதில்லை. காலை 11க்குள் முடியுங்கள், இல்லையென்றால் சனிக்கிழமை பொழுதோட (சாயங்காலம்).

போசியின் மூடியிலும் பாட்டில் மூடியிலும் உள்ள ரப்பர் வாஷரை வாரம் ஒரு முறை கழற்றிக் கழுவ வேண்டும். "பாட்டில் நாத்தம் அடிக்குது" என்று பிள்ளை சொன்னால் அந்த வாஷருக்கு அடியில் கறுப்பாகப் பூசணம் பிடித்திருக்கும். கழுவியபின் வாஷர் காடியில் முழுதாக உட்கார்ந்ததா என்று விரலை ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். ரசம் ஒழுகிப் புத்தகம் நனைவது வாஷர் மடங்கிக் கிடப்பதால்தான்.

காகிதங்கள்

மூன்று ஃபைல். முதலாவதில் அசல்: பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், மதிப்பெண் பட்டியல்கள். இது பீரோவுக்குள். இரண்டாவதில் ஒவ்வொன்றிலும் 5 நகல், பாஸ்போர்ட் அளவுப் படம் 10, குடும்ப அட்டை நகல். மூன்றாவது இந்த வருடத்துப் பள்ளி ரசீதும் சுற்றறிக்கையும். அசலை லேமினேட் செய்ய வேண்டாம். பின்பக்கம் முத்திரையோ ஒப்பமோ வைக்கச் சொன்னால் பிரிக்கவும் முடியாது, பிரித்தால் தாளும் கூடவே கிழியும். பிளாஸ்டிக் உறை போதும்.

கவனிக்க வேண்டிய தேதிகள் சில உண்டு. ஆதாரில் கைரேகையும் கருவிழிப் பதிவும் 5 வயதிலும் 15 வயதிலும் கட்டாயம் புதுப்பிக்க வேண்டும். 5 முதல் 7 வயதுக்குள்ளும் 15 முதல் 17 வயதுக்குள்ளும் செய்தால் கட்டணம் இல்லை. வருமானச் சான்றிதழ் ஓராண்டுக்குத்தான் செல்லும். சாதிச் சான்றிதழ் நிரந்தரம். இரண்டையும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், சேவைக் கட்டணம் 60 ரூபாய். மே மாதம் தேர்வு முடிவு வந்த கையோடு மையங்களில் கூட்டம் அலைமோதும். ஏப்ரல் தொடக்கத்திலேயே வருமானச் சான்றிதழுக்குப் போட்டுவிட்டால் சேர்க்கை, உதவித்தொகை எல்லாவற்றுக்கும் அந்த ஒன்றே ஆகும்.

இதைவிடப் பெரிய தொல்லை பெயரும் முதலெழுத்தும். பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, பள்ளிப் பதிவேட்டில் ஒரு மாதிரி இருந்தால் அது 10ஆம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் அச்சாகி நின்றுவிடும். அதற்கப்புறம் திருத்துவது மாதக்கணக்கில் அலைச்சல். பிள்ளை 9ஆம் வகுப்புக்குப் போவதற்கு முன் மூன்றையும் அருகருகே வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள், அம்மா அப்பா பெயரையும் சேர்த்து. கல்லூரி சேர்ந்தபின் தரும் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய்க்கும், மருத்துவப் படிப்பின் 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கும் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்ததைக் காட்ட வேண்டும் (1,000 ரூபாய்க்கு அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்திருந்தாலும் சரி) என்பதால், நடுவில் பள்ளி மாறினால் அங்கே படித்த வகுப்புகளைக் குறித்துப் படிப்புச் சான்று ஒன்று வாங்கி ஃபைலில் போட்டுவிடுங்கள். பள்ளி 200 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் காலத்தில் போய்க் கேட்பது சுலபம் இல்லை.

ராத்திரி 9 மணிப் பெட்டி

"நாளை மாணவர்கள் சார்ட் பேப்பர் கொண்டு வரவும்" என்று வாட்ஸ்அப் குழுவில் செய்தி வருவது ராத்திரி 9 மணிக்குத்தான். கடை சாத்தியிருக்கும். ஆகவே ஒரு அட்டைப் பெட்டி: சார்ட் பேப்பர் வெள்ளை 2, கலர் 2, ஏ4 தாள் 25, கலர் பேப்பர் ஒரு கட்டு, பசை, செல்லோடேப், ஸ்கெட்ச் பென் ஒரு செட், பிரவுன் ஷீட், லேபிள், நூல், பழைய வார இதழ் இரண்டு (படம் வெட்ட). சார்ட்டைச் சுருட்டிப் பீரோ மேலேயோ அட்டாலியிலோ (பரண்) படுக்க வையுங்கள், நிறுத்தி வைத்தால் அடி மடங்கும். பெட்டியில் ஒன்று தீர்ந்தால் அன்றைக்கே காலண்டர் ஓரத்தில் எழுதிவிட வேண்டும்.

நோட்டுக்கு அட்டை போட: நீள நோட்டுக்கு 45 செ.மீ. நீளம், 33 செ.மீ. அகலத்தில் பிரவுன் ஷீட்டை ஒரே தடவையில் எல்லாம் வெட்டி அடுக்கிவிட்டு அப்புறம் போடத் தொடங்குங்கள். ஒவ்வொன்றாக அளந்து வெட்டினால் மாலை முழுக்க ஓடிவிடும்.

பள்ளி விட்டு வந்து நீங்கள் வரும் வரை

பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் ஓடும் வீடுகளில் பிள்ளை 4:30க்கு வந்துவிடும், பெரியவர்கள் வர 8:30 ஆகும். இந்த நான்கு மணி நேரத்துக்குச் சாவி யாரிடம், பலகாரம் எங்கே, யார் வீட்டில் இருப்பது என்று மூன்றும் முடிவாகியிருக்க வேண்டும். அப்பத்தாவோ அம்மிச்சியோ கூட இருந்தால் கவலை இல்லை. இல்லையென்றால் பக்கத்து வீட்டு ஒருவர், அவர் இல்லாத நாளுக்கு இன்னொருவர். இருவர் நம்பரையும் வேன் டிரைவரிடமும் பள்ளியிலும் எழுதிக் கொடுங்கள். "ஏனுங்க, இன்னைக்கு வேன் வராதுங்களாமா" என்று மதியம் 3 மணிக்குப் போன் வரும் நாள் கட்டாயம் வரும். அன்றைக்கு யார் போவது என்பது ஜூன் மாதமே பேசி வைத்த விஷயமாக இருக்கட்டும்.

பலகாரத்துக்கு முந்தின ராத்திரி ஒரு டம்ளர் தட்டைப்பயறோ கடலையோ ஊறவைத்துக் காலைக் குக்கரோடு வேகவைத்தால் இரண்டு பிள்ளைகளுக்குப் போதும். ஆனால் 4:30 வரை வெளியே இருந்தால் வெயில் நாளில் நூல் விட்டுவிடும், ஃபிரிட்ஜில் வையுங்கள். பொரியும் கடலை உருண்டையும் அந்தக் கவலை இல்லாதவை.

வந்ததும் செய்ய வேண்டியது மூன்று: ஷூ கொக்கிக்குக் கீழே, போசி சிங்க்கில் தண்ணி ஊற்றி, சட்டை பக்கெட்டில். 5 வயதுப் பிள்ளைக்கே இது வரும். போசியை ராத்திரி வரை பைக்குள் விட்டால் காய்ந்த சோறு கரண்டியால் சுரண்டினாலும் வராது. வெள்ளிக்கிழமை மறந்துவிட்டால் திங்கட்கிழமை அதைத் திறக்கவே தைரியம் வேண்டும். ஒற்றை அறை வீட்டில் படிக்க இடம் என்பது உண்மையில் டிவியை நிறுத்துவதுதான். 7 முதல் 8 வரை நிறுத்துங்கள், பெரியவர்களும் சேர்த்து. மடக்குப் பலகை ஒன்று, தலைக்குப் பின்னால் இல்லாமல் இடது பக்கத்திலிருந்து விழும் விளக்கு. இடக்கைப் பிள்ளைக்கு வலது பக்கம்.

கட்டணப் பணம்

திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு மாத பட்ஜெட் எதற்கும் உதவாது. மூன்று டெர்ம், டெர்முக்கு 9,000 என்றால் வருடம் 27,000; வாரத்துக்கு 520 ரூபாய். சனிக்கிழமை சாயங்காலம் மளிகைக்கு முன்னால் அந்த 520 தனியாகப் போய்விட வேண்டும். ஏலச்சீட்டு போடுகிறவர்கள் ஜூன் கட்டணத்தை நம்பி மே மாதம் தள்ளி எடுக்கப் பார்க்கிறார்கள். அந்த மாதம் எல்லோருக்கும் அதே தேவை என்பதால் தள்ளு (ஏலத்தில் விட்டுக்கொடுக்கும் தொகை) அதிகமாகப் போகும், கைக்கு வருவது குறையும். பிப்ரவரி, மார்ச்சில் எடுத்து வங்கியில் போட்டு வைப்பது மேல்.

மே மாதத்து வேலை

முழு ஆண்டுத் தேர்வு முடிந்த வாரமே நோட்டுகளைப் பிரித்துவிடுங்கள். எழுதாத தாள்களைக் கிழித்து அடுக்கி, பழைய அட்டை வைத்துக் கோணி ஊசியால் தைத்தால் இரண்டு ரஃப் நோட்டு வரும். புத்தகத்தை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யாமல் அட்டாலியில் ஏற்ற வேண்டாம், அங்கே போனது திரும்பி இறங்காது.

ஷூவை மே கடைசி வாரத்துக்கு முன் வாங்காதீர்கள், விடுமுறையில் கால் வளர்ந்துவிடும். மாலையில், சாக்ஸ் போட்டு, நின்றபடி அளவு பார்க்க வேண்டும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருந்தால் சரி. சீருடைத் துணி தையற்காரரிடம் மே இரண்டாம் வாரத்துக்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும், அதற்கப்புறம் கொடுத்தால் ஜூன் பத்துக்குத்தான் கைக்கு வரும். பேண்டிலும் பாவாடையிலும் உள்மடிப்பு 2 அங்குலம் விடச் சொல்லுங்கள், அடுத்த வருடம் இறக்கிக்கொள்ளலாம். தைத்து வாங்கும்போது கடையிலேயே போட்டுப் பார்த்து, இரண்டு கையையும் மேலே தூக்கச் சொல்லுங்கள், சம்மணம் போட்டு உட்காரச் சொல்லுங்கள். அக்குளிலோ தொடையிலோ இறுக்கினால் அப்போதே பிரித்துத் தரச் சொல்ல வேண்டும். பள்ளி திறந்த வாரத்தில் அவர் உங்களை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்.